பந்திக்கு எதுக்குப்பா பாட்டு?

இல்லப்பா, டிவிடி ஓடலன்னு நான் சொல்லவே இல்லியே. ஓடுது. நல்லாத்தான் ஓடுது. கண்ணாடியாட்டம் இருக்குன்னு பக்கத்து வூட்டுக்காரங்ககூட சொன்னாங்க. அதச் சொல்லவா கடலூர்லேர்ந்து பஸ்ஸப் புடிச்சி, இந்த வெயில்ல நடந்து வந்து ஒன் கட வாசல்ல நிக்கறேன்? நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். நான் குடுத்த காசெட்டு எங்க? அத எடுத்துக் குடு, நான் பாட்டுக்கும் போயிடறேன்.

டீயெல்லாம் வேணாம். ஒக்காரறேன், ஒக்காரறேன். மொதல்ல அந்தப் பாட்டக் கொஞ்சம் கொறப்பா. எவன் கல்யாணமோ ஒன் கம்ப்யூட்டர்ல ஓடுது, அந்தாண்ட இருக்கற ஜெராக்ஸ் கட வரைக்கும் கேக்குது. நான் பேசறது எனக்கே கேக்கல.

என்னத் தெரியலயா? தெரியாதுதான். நூறு கல்யாணம் எடுக்கறவன், யார ஞாபகம் வெச்சிக்குவ? அமராவதிப்பா. எங்க அண்ணன் பக்கிரி மவன் கல்யாணம், ரெண்டாயிரத்து நாலு ஆவணியில. இதே சிதம்பரத்துலதான், மேலவீதி பக்கத்துல மண்டபம். நீதான் வீடியோ எடுத்த. அப்ப ஒல்லியா இருப்ப. தோள்ல அம்மாம்பெரிய கேமரா, காதுல ரெண்டு மூடிய மாட்டிக்கினு இங்கயும் அங்கயும் நடந்துக்கினு இருந்த. அது என்னாடா காதுலன்னு எங்க அண்ணன் கேட்டதுக்கு, சத்தம் சரியா ஏறுதான்னு கேக்கறேன் மாமான்னு சொன்ன. எனக்கு அது மனசுல நின்னுபோச்சு. அதனாலதான் ஒன்னத் தேடிக்கினு வந்தேன். கடலூர்ல இல்லாத ஸ்டுடியோவா? எடுத்தவன் கையில குடுத்தா அருமை தெரிஞ்சி செய்வான்னு நெனச்சேன் பாரு, என்னச் சொல்லணும்.

அந்தக் காசெட்டு எப்புடி வந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா? என் வூட்ல இருந்தது தண்ணியில போச்சு. பொட்டி, பீரோ, ஏனம், எல்லாம்தான். அண்ணன் வூட்லயும் அதே கததான். பொண்ணு வூட்டுக்காரங்க புவனகிரி, அவுங்ககிட்ட ஒண்ணு இருக்குதுன்னு கேள்விப்பட்டு நாயா அலஞ்சேன். ஒரு தடவ போனா பரண் மேல இருக்குதுன்னாங்க. இன்னொரு தடவ போனா எங்க பையன் வந்தா எடுத்துத் தரோம்னாங்க. சம்பந்தி வூட்ல போயி ஒரு காசெட்டுக்காக இப்புடி நிக்கறியேன்னு எங்க அண்ணனே ஏசுனான். நின்னேன். கடைசில எடுத்துக் குடுத்தாங்க, வெள்ள வெள்ளயா பூஞ்ச பூத்துக் கெடந்துச்சு. முந்தானையில சுத்தி எடுத்தாந்தேன். டிவிடியில ஏத்திக் குடுப்பா, அதுல என்னா இருக்குதோ அப்புடியேன்னு சொன்னனா இல்லியா? அப்புடியேன்னு சொன்னேன். நீயும் தலய ஆட்டுன.

அப்புடியேவா குடுத்த? மூணு மணி நேரக் கல்யாணம், ஒரு சினிமாவுக்குப் பாதி கூட வரல. ஆரம்பிக்கறப்பவே நம்ம கோபுரம் பூமிக்குள்ளேர்ந்து மொளச்சி வருது. சரி, சாமி விசயம், இருக்கட்டும். அப்பறம் ஒரு தாமரப்பூ விரியுது, அதுக்குள்ள பொண்ணும் மாப்ளயும். அடுத்து பனிமல. எங்க அண்ணன் மவன் பனிமலய எங்கப்பா பாத்தான்? அவன் ஐஸ் பொட்டியில மீன் அள்ளிப் போடறவன். தாலி கட்டறப்ப எங்க அண்ணி அழுவுது, அது மூஞ்சிக்கு நேரா ரோசாப்பூவா கொட்டுது, கண்ணும் தெரியல கண்ணீரும் தெரியல. எல்லாத்துக்கும் மேல பாட்டு. கெட்டிமேளம் கேக்கல. ஐயரு மந்திரம் கேக்கல. ஒரு ஆளு பேசறது கேக்கல. ஊமைங்க கல்யாணமாட்டம் எல்லாரும் வாய வாய அசைக்கறாங்க.

அதயெல்லாம்கூட பொறுத்துக்குவேன். அந்தப் பந்தி இருக்குது பாரு, அதத்தான் என்னால தாங்க முடியல. எந்தப் புண்ணியவான் சொன்னான் பந்தியில படத்த வேகமா ஓட்டச் சொல்லி? கோழி கொத்தற மாதிரி எல்லாரும் வெடுக்கு வெடுக்குன்னு துன்றாங்க. சாம்பாரு ஊத்தறவன் ஓடறான். அதுக்கு ஒரு டொங்கு டொங்கு மியூசிக்கு வேற. எங்க பெரிப்பா ஏப்பம் வுடறாரு, அவரு செத்தே நாலு வருசமாச்சு, அவரப் பாத்து கொழந்தைங்க கெக்கெக்கேன்னு சிரிக்குதுங்க. கோடி வரிசையில ஒரு பச்ச தாவணி பொண்ணு, நேரா கேமராவப் பாத்து என்னாவோ சொல்லுது. என்னா சொல்லுது? ஒண்ணும் தெரியல. டொங்கு டொங்குதான் கேக்குது. பந்திக்கு எதுக்குப்பா பாட்டு? சோறு துன்றதுக்குக் கூடவா பாட்டு வேணும்?

எல்லாரும் அப்புடித்தான் கேக்கறாங்களா. துன்றப்ப வாயத் தொறக்கறது அசிங்கமா இருக்குது, வெட்டிடுன்னு பொண்ணுங்களே வந்து சொல்லுதுங்களா. சரிப்பா, நெசந்தான், நான் இல்லன்னு சொல்லல. லைட்டப் புடிச்சிக்கினு நீங்க பந்திக்கு வந்தாலே நாங்கல்லாம் முந்தானைய வெச்சி வாய மூடிக்குவோம். ஆனா கேட்டவங்களுக்கு வெட்டு. நான் கேட்டனா? ஒன் இஷ்டத்துக்கு அழகு பண்ணிட்டு, கலை, கிரியேட்டிவ்வுன்னு என்கிட்ட சொல்றியே. ஒன் கலைக்கு எங்க வூட்டுக் கல்யாணந்தான் கெடச்சுதா?

கோவப்படாம என்னா பண்ணச் சொல்ற? இது ஒன்கிட்ட மட்டும் இருக்கற கோவம் இல்ல. ஒனக்கு முன்னாடி வந்தவனுங்க மேலயும் சேத்துத்தான். நாங்க இருக்கறது சுனாமி குடியிருப்பு. ஆறு வருசமா எங்களப் புடிக்காத கேமராவே கெடையாது. டிவிக்காரன் வந்தான். வெளிநாட்டுக்காரன் வந்தான், பக்கத்துல ஒருத்தன் நின்னு தமிழ்ல கேப்பான். இங்கேர்ந்து காலேஜ் புள்ளைங்க வந்துதுங்க, தீப்பெட்டி கணக்கா ஒரு மிஷின வெச்சி, அம்மா நீங்க பேசுங்க, இது வாய்மொழி வரலாறுன்னு சொல்லுச்சுங்க. பேசுனேன். அன்னிக்கி தண்ணி எப்புடி வந்துச்சு, எவ்ளோ ஒசரம், என்னா சத்தம், எத்தினி பேரு. ஒரே கதய சொல்லிச் சொல்லி எனக்கே யாரோ சொன்ன கதையாட்டம் ஆயிப்போச்சு. என் கொரலு மெட்ராஸ்ல இருக்குது, டெல்லியில இருக்குது, இன்னும் எந்த நாட்டுல இருக்குதோ. நான் நாளைக்கே செத்தாலும் என் பேச்சு இருக்கும். யாருக்கு வேணும் என் பேச்சு?

இதே ஊருல, போன வருசம் மார்கழியில, ஒரு டான்ஸ் வெச்சாங்க. எங்கள வேன்ல ஏத்தி இஸ்துக்கினு வந்து மொத வரிசையில ஒக்கார வெச்சாங்க. கடல் வந்த கதைய பரதநாட்டியமா ஆடறாங்களாம். நீளமா நீலத்துணி, ரெண்டு பக்கம் ரெண்டு பேரு புடிச்சிக்கினு ஆட்டுனாங்க. அதுதான் கடலு. நடுவுல ஒரு பொண்ணு சலங்கையோட சுத்தி சுத்தி விழுந்துச்சு. அழகா ஆடுச்சு, பொய் சொல்லக் கூடாது. புள்ளைங்க பாவம், மெனக்கெட்டுப் பண்ணியிருந்துச்சுங்க. ஆனா அன்னிக்கி எங்க ஊருல யாரும் அழகா விழலப்பா. தண்ணி கறுப்பு, நீலமே கெடையாது. அங்கயும் பாட்டுதான். முடிஞ்சதும் எனக்கு ஒரு சால்வ போத்தி, மைக்கக் குடுத்து எப்புடி இருந்துச்சும்மான்னு கேட்டாங்க. நல்லா இருந்துச்சுன்னு சொன்னேன். வேற என்னா சொல்றது? எல்லாரும் எங்க கதைய எடுத்துக்கினு போறாங்க, பளபளன்னு பண்ணிக் கொண்டாந்து எங்ககிட்டயே காட்டறாங்க. அதுல நாங்க இருக்க மாட்டோம்.

அதான் காசெட்டத் தேடுனேன். அது கல்யாணக் காசெட்டு. அதுல கடலு இல்ல, சாவு இல்ல. யாரும் எங்க துக்கத்தக் காட்டறதுக்காக எடுத்தது இல்ல. குடுப்பா. பூஞ்ச புடிச்சிருந்தாலும் பரவால்ல, நான் தொடச்சி வெச்சிக்கறேன்.

என்னா சொல்ற?

அறுந்துபோச்சா? எப்ப? ஏத்தறப்பவேவா. சரி, அறுந்த நாடாவ ஒட்ட முடியாதா? எங்க அது? குப்பையிலயா! அடப்பாவி, சம்பந்தி வூட்டு வாசல்ல நின்னு வாங்கியாந்தத குப்பையிலயா போட்ட? டிவிடி ஆயிட்டா யாரும் காசெட்டக் கேக்க மாட்டாங்களா? நான் கேப்பேன்னு ஒனக்கு எப்புடித் தெரியும்னா கேக்கற? என்னக் கேட்டிருக்கணும். ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கணும்.

சரி. சரி, கம்ப்யூட்டர்ல ஏத்துனல்ல. பாட்டு போடறதுக்கு முன்னாடி இருந்தது, சத்தத்தோட இருந்தது, அது இருக்குமே? தேடு. நான் இருக்கேன், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. தேடிப் பாரு.

எடம் பத்தலயா. முகூர்த்த மாசம், எடம் பத்தலன்னு அழிச்சிட்ட.

இல்ல, ஒண்ணும் இல்ல. தண்ணி குடு கொஞ்சம்.

வேற பாட்டு போட்டு புதுசாப் பண்ணித் தரேங்கறியே, வேணாம்பா. போட்டோவா? அந்தப் பச்ச தாவணி பொண்ண மட்டும் தனியா எடுத்து, பெருசா லேமினேட் பண்ணித் தரேங்கறியா. வேணாம். போட்டோவுக்குக் கொறச்சலே இல்ல. ஸ்கூல்ல எடுத்த ஒரு போட்டோ, அதத்தான் மார்கழிக்கு மார்கழி ஃப்ளெக்ஸ்ல போடறாங்க. யூனிபாரத்த மாத்தி பட்டுப்பொடவ கட்டி வுட்டாங்க. மறு வருசம் காதுல ஜிமிக்கி வந்துச்சு. போன வருசம் பாத்தா நல்லா செவப்பாயிடுச்சு. எங்க வூட்டு ஆளுங்களுக்கு ஏதுப்பா செவப்பு? மூஞ்சி எங்க போனாலும் இருக்குது. தெரு மொனையில அது சிரிச்சிக்கினு நிக்குது, நான் அது கீழதான் பஸ்ஸுக்கு நிப்பேன்.

ஆமா. என் பொண்ணுதான். எழிலரசி.

அந்த ஒரு கல்யாணத்துலதான் அது பேசி ஏறியிருக்குது. வேற எதுலயும் இல்ல. செல்போனா இருந்துச்சு அப்ப நம்மகிட்ட? ஐப்பசியில காசெட்டு வந்துச்சு, டெக்கு வாடகைக்கி எடுத்து தெருவே கூடி பாத்துச்சு. அந்த எடம் வந்ததும் எல்லாரும் சிரிச்சாங்க. திருப்பிப் போடு திருப்பிப் போடுன்னு போட்டுப் போட்டு சிரிச்சாங்க, அது வெக்கப்பட்டுக்கினு வெளிய ஓடிப்போச்சு. ஓடிப்போன வேகத்துல கதவு நெலையில இடிச்சிக்கிச்சு. அப்பறம் ரெண்டு மாசம் கூட இல்ல, மார்கழி வந்துச்சு.

ஒன்னத்தான்ப்பா திட்டுச்சு அது. இல முன்னாடி ஒக்காந்திருக்குது, ஒன் லைட்டு நேரா அது மூஞ்சிக்கு. அண்ணே, அந்தாண்ட போ, கண்ணு கூசுது, நான் சோத்தப் பாத்துத் துன்னட்டுமா ஒன் லைட்டப் பாத்துத் துன்னட்டுமா. அதான் சொல்லுச்சு. வார்த்தயெல்லாம் அப்புடியே இருக்குது எனக்கு. கொரலுதான் வர மாட்டேங்குது. படுத்துக்கினு சொல்லிச் சொல்லிப் பாக்கறேன். எத்தினி தடவ சொன்னாலும் என் கொரலுதான் வருது. என் பொண்ணு கொரலு எனக்கு மறந்துபோச்சுப்பா. இத நான் எந்த டிவிக்காரன்கிட்டயும் சொல்லல.

நீ எதுக்கு அழுவற? ஒன்ன அழுவ வெக்கவா வந்தேன். ஏசணும்னுதான் வந்தேன், ஏசிட்டேன். சரி வுடு. கொஞ்சம் யோசன பண்ணிப் பாரு. நீ காதுல மாட்டிக்கினு கேட்டவன். மண்டபத்துல அத்தினி கூச்சல்ல அது சொன்னது வேற யாருக்கும் ஒழுங்கா கேட்டிருக்காது, ஒன் காதுக்குள்ளதான் போயிருக்கும். மொதல்ல அந்தப் பாட்ட நிறுத்து.

ம். இப்ப சொல்லு. கோவமா சொல்லுச்சா, சிரிச்சிக்கினே சொல்லுச்சா?