ஃபைலில் ஒரு கணவர்

— இல்லை சேர், நான் சொல்லுறதை முழுக்கக் கேளுங்கோ. என்ர பேர்சனல் ஃபைலில நீங்கதான் என்ர மனுசன்.

— எத்தனாம் பக்கத்துல?

— பதினேழாம் பக்கத்தில. 'கணவரின் பெயர்: மு. இருளப்பன். தொழில்: ஆசிரியர்.' என்ர கையெழுத்துத்தான்.

— மை மங்கிப் போயிருக்கா?

— சேர்.

— இல்ல டீச்சர், முப்பத்து மூணு வருஷமாச்சு. மங்கியிருந்தா, படிக்க முடியலன்னு விட்டிருப்பாங்க. அதுக்காகக் கேட்டேன்.

— மங்கேல்லை. பளிச்செண்டு கிடக்குது. பஹ்மியா விரலை வச்சுக் காட்டினவ. வலயக் கல்விக் கந்தோரில பென்சன் பேப்பர் எல்லாம் பாக்கிறது அவதான். 'ஜெயராணி மிஸ், உங்கட எல்லாம் சரியா ஈக்கி, ஹஸ்பண்ட்ட கலியாண சேர்டிஃபிகேட் மட்டும்தான் இல்ல' எண்டு சொன்னவ.

— நீங்க என்னா சொன்னீங்க?

— வீட்டில தேடிப் பாக்கிறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்.

— தேடுனீங்களா?

— எங்க சேர் தேடுறது?

— அதுவும் சரிதான். அப்ப அதுக்குத்தான் என்னைய புதுக்கடைக்கு வரச் சொன்னீங்களா? போன்ல 'ஒரு தேத்தண்ணி குடிப்பம்'னீங்க. கொட்டாஞ்சேனையில தேத்தண்ணிக்கு என்னா பஞ்சம்னு யோசிச்சுக்கிட்டேதான் பஸ் ஏறுனேன்.

— இங்க கோர்ட்டடியிலதானே வக்கீல் ப்ரொக்டர்மார் இருக்கினம். கோபிக்காதேங்கோ. போனில சொல்லக் கூடிய விசயமே இது? நீங்க பென்சன் எடுத்து ரெண்டு வருசம். பேசாமல் டியூசன் குடுத்துக்கொண்டு நிம்மதியா இருக்கிற மனிசனை நான் எப்படி…

— நிம்மதின்னு யாரு சொன்னா? இப்ப உள்ள புள்ளைங்களுக்கு பின்னம் வராது. டீய குடிங்க.

— உங்களுக்கு ஞாபகம் இருக்கே சேர்? தொண்ணூற்றிரண்டு. கலியாணம் கட்டாத பொம்பிளை டீச்சர்மாரை அம்பாறைப் பக்கம் மாத்தப் போகினம் எண்டு ஸ்டாஃப்ரூம் முழுக்க ஒரே கதை.

— இருக்கு. ஒரு லிஸ்டு வந்துச்சு.

— அதில என்ர பேரும் இருக்குது எண்டு உங்களிட்ட வந்து சொன்னனான். அம்மா மருந்தோட இருக்கிற வருத்தக்காரி, அங்காலை சண்டை. ஸ்டாஃப் ஃபோர்மில கணவர் எண்ட இடத்தில உங்கட பேரைப் போடட்டோ எண்டு கேட்டனான்.

— போடுங்கன்னேன்.

— கொஞ்சமும் யோசிக்கேல்லை நீங்க.

— இண்டர்வல் முடிய ரெண்டு நிமிஷந்தான் இருந்துச்சு.

— பிறகு ஒவ்வொரு வருசமும் அந்த ஃபோர்ம் வரும். 'சென்ற வருட விபரங்களைப் பார்த்து நிரப்புக' எண்டு மேல எழுதியிருக்கும். நானும் பாத்து நிரப்பினன்.

— வருஷா வருஷமா?

— ஓம். மாத்தி எழுதினா ஏன் மாத்தினது எண்டு கேப்பினம். எழுதாமல் விட்டா ஏன் விட்டது எண்டு கேப்பினம். அப்படியே எழுதினா ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம். எங்கட கல்வித் திணைக்களம் தெரியும்தானே. ஸ்கூல் அதிபர் செபஸ்தியன் சேர் பாவம், கட்டா வச்சு கையெழுத்துப் போடுற மனிசன். கடைசி வரைக்கும் அவர் அதை வாசிச்சதேயில்லை.

— வாசிச்சிருந்தா மொய் வச்சிருப்பாரு.

— பகிடி விடாதேங்கோ. எனக்கு ரெண்டு கிழமையா நித்திரை இல்லை. வாற ஆவணியோட அறுபது. பிறகு சம்பளம் இல்லை. அண்ணா கனடாவில இருந்து அனுப்பிக்கொண்டிருந்தவர், அம்மா செத்ததோட நிப்பாட்டிப்போட்டார். வெள்ளவத்தையில அந்த ஒரு அறை அனெக்ஸுக்கு வாடகை குடுக்கிறதுக்கு எனக்கு இருக்கிறது இந்தப் பென்சன் மட்டும்தான்.

— பொய்யா எழுதிட்டேன், கட்டலன்னு ஒரு கடுதாசி குடுத்துட்டா?

— கேட்டனான். என்னைப் பற்றி எண்டு சொல்லேல்லை, ஆரோ ஒரு டீச்சருக்கு எண்டு கேட்டனான். 'அல்லாவே, அப்படி எழுதிக் குடுத்தா விசாரணை மிஸ். விசாரணை முடியுற வரைக்கும் பென்சன் இல்ல. ஒரு மிஸ்ஸுக்கு நாலு வருசமா முடியல்ல' எண்டு சொன்னவ.

— அந்த நாலு வருஷ மிஸ்ஸு என்னா எழுதியிருந்தாங்களாம்?

— அவ பிறந்த திகதியைப் பிழையா எழுதிப்போட்டாவாம். அதுக்கே நாலு வருசம். நான் ஒரு முழு ஆம்பிளையை எழுதி வச்சிருக்கிறன்.

— அப்ப வேற வழி?

— வழி இருக்குது. பஹ்மியாவே சொன்னவ. நான் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்க, பாவம், அவவா ஒரு கதையைக் கட்டிக்கொண்டா. 'கோயில்ல தாலி கட்டிட்டு பதியாம உட்டவங்க நெறயப் பேர் ஈக்காங்க மிஸ். இப்ப சேரோட போய்ப் பதிஞ்சிட்டு வாங்க. எந்த வருசம் கோயில்ல முடிச்ச எண்டு ரெண்டு பேரும் ஒரு சத்தியக் கடதாசியும் குடுங்க. ஃபைல் போயிடும்.'

— அதாவது, இப்ப நாம ரெண்டு பேரும் போயி கல்யாணம் பதியணும்.

— ஓம்.

— நெசமா.

— பொய்யாப் பதிய ஏலாது சேர். அரசாங்கம்.

— என் ஃபைல்ல நான் கட்டாதவன்னு எழுதித்தான் பென்சன் எடுத்துருக்கேன். ரெண்டு ஃபைலையும் பக்கத்துல வச்சுப் பாத்தாங்கன்னா?

— அதுவும் நான் யோசிச்சனான்.

— யோசிக்காதீங்க. எந்தக் கந்தோர்லயும் எவனும் ரெண்டு ஃபைல பக்கத்துல வச்சதில்ல. மேசையில எடம் இருக்காது.

— நீங்க மாட்டன் எண்டு சொன்னா நான் எழும்பிப் போயிடுவன் சேர். மனசில ஒண்டும் வச்சுக்கொள்ள மாட்டன்.

— நான் எப்ப மாட்டேன்னேன்? வடை ஒண்ணு சொல்லட்டா?

— வேண்டாம்.

— எக்ஸ்கியூஸ் மீ, ஜெயராணி மிஸ் நீங்கதானே? நான் மெல்ரோய், ப்ரொக்டர்ட க்ளார்க். அவர் கோர்ட்டில இருந்து வர அரை மணித்தியாலம் ஆகும். அதுக்குள்ள டீடெய்ல்ஸ் எழுதி வைங்க. எந்தக் கோயில், என்ன டேட், ஆர் ஆர் வந்தது. இவரா ஹஸ்பண்ட்?

— ஃபைல் பிரகாரம்.

— சரி அங்கிள், ரெண்டு பேர்ட ஐடென்டிட்டி கார்டையும் கொப்பி எடுத்து வைங்க. நான் பிறகு வாறன்.

— என்ன சேர் 'ஃபைல் பிரகாரம்' எண்டு சொல்லுறீங்க? அவர் என்ன நினைப்பார்?

— முப்பத்து மூணு வருஷம் ஆன புருஷன் அப்பிடித்தான் பேசுவான்னு நினைப்பாரு. பேனா குடுங்க. எந்தக் கோயிலு?

— நீங்களே சொல்லுங்கோ.

— கொட்டாஞ்சேனைப் பிள்ளையார் கோயில்னு வச்சுக்குவோம். நான் அப்ப அந்தச் சந்திலதான் ரூம்ல இருந்தேன். நடந்தே போயிருக்கலாம். மாசம்?

— ஃபோர்ம் எழுதினது மாசியில. அதுக்கு முந்தி இருக்க வேணும்.

— தையில வைங்க. தையிலதான் முகூர்த்தம். சாட்சி?

— செபஸ்தியன் சேர் வந்தவர் எண்டு போடுங்கோ.

— அவரு செத்துட்டாரே.

— அதாலதான் சொல்லுறன்.

— அதுவும் நல்லதுதான். பேச்சு மாற மாட்டாரு. ஆனா வேதக்காரரு, புள்ளையார் கோயிலுக்கு வந்தாருன்னா நம்புவாங்களா?

— சாப்பாட்டுக்கு வந்தவர்.

— அது நம்புவாங்க. எங்க வீட்டுல இருந்து அம்மா வந்துச்சு, ஆறாயி. ஹட்டன்ல ராத்திரி ரயிலு ஏறி காலையில கொழும்புக் கோட்டை ஸ்டேஷன்ல இறங்கியிருக்கும். கொழுந்துக் கூடை தூக்குன தலை, வெறுந்தலையோட வரத் தெரியாது. ஒரு மூட்டை உருளைக்கிழங்காச்சும் சுமந்துக்கிட்டு வந்துருக்கும். ஒங்க வீட்டுல இருந்து யாரு வந்தாங்கன்னு போடுறது?

— ஒருத்தரும் வரேல்லை எண்டு போடுங்கோ.

— அண்ணன்கூடவா?

— அது ஒண்டாவது உண்மையா இருக்கட்டும் சேர். அப்பா அந்த நேரம் உயிரோட இருந்தவர். வாசல்படி மிதிச்சிருக்க மாட்டார்.

— தேயிலைத் தோட்டத்துப் பையன்னா மிதிக்க மாட்டாருதான்.

— ஓம்.

— சரி. 'மணமகள் வீட்டார் வரவில்லை.' எழுதிட்டேன். என்னா சேலை?

— சத்தியக் கடதாசியில சீலை கேக்க மாட்டினம்.

— கேட்டா?

— …அரக்கு.

— நல்லாத்தான் இருந்துருக்கும்.

— சேர், ஒரு விசயம் கேக்கட்டே. கன காலமாக் கேக்க நினைச்சது. நீங்க ஏன் கலியாணம் கட்டேல்லை?

— ஒரு தடவை பேசுனாங்க. தொண்ணூத்தி நாலுல. நுவரெலியாவுல ஒரு நர்சு. போட்டோ எல்லாம் வந்துச்சு, அம்மாவுக்குப் புடிச்சிருந்துச்சு. பொண்ணோட அண்ணன் விசாரிக்கிறேன்னு கொழும்புக்கு வந்தான். அவன் எங்கிட்ட வரல. நேரா கந்தோருக்குப் போயி, யாரோ பியூனுக்கு டீ வாங்கிக் குடுத்து விசாரிச்சிருக்கான். அந்தப் பியூன், 'இருளப்பன் மாஸ்டரா? அவரு அதே ஸ்கூல்ல ஒரு டீச்சரைக் கட்டியிருக்காரே'ன்னுட்டான்.

— ஐயோ.

— போட்டோவைத் திருப்பி அனுப்பச் சொல்லி கடுதாசி வந்துச்சு. அனுப்பிட்டேன். ரெஜிஸ்டர் தபால்ல.

— நீங்க இல்லையெண்டு சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருக்கலாம்.

— ஏன் சொல்லேல்லை?

— நான் இல்லன்னா, கந்தோர்ல இல்லன்னு எழுதுவான். ஒங்க பேரு அம்பாறைக்குப் போயிரும்.

— அதுக்காக ஒரு கலியாணத்தை விட்டனீங்களே?

— ஒரு கல்யாணம்தான். அதுக்கப்புறம் யாரும் பேச வரல. கதை ஹட்டன் வரைக்கும் போயிருச்சுல்ல. அம்மா சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்துச்சு, அந்தக் கொழும்பு மருமகளைக் கூட்டிக்கிட்டு வந்து ஒருக்கா காட்டுடான்னு.

— என்னெண்டு சொன்னனீங்க?

— ஸ்கூல் லீவு கெடைக்கலன்னேன். என்னா டீச்சர், அழுவுறீங்களா? சுத்தி வக்கீலுங்க இருக்காங்க. விவாகரத்துக் கேஸுன்னு நினைச்சு கார்டு குடுக்க வந்துருவானுங்க.

— நீங்க அந்தப் பேப்பரைக் கீழ வையுங்கோ.

— இன்னும் தாலி யாரு எடுத்துக் குடுத்தான்னு எழுதல.

— வையுங்கோ சேர். உங்களிட்ட நான் கையெழுத்து வாங்க ஏலாது. பென்சன் வராட்டில் வராமல் போகட்டும்.

— அதெப்பிடி? முப்பத்தஞ்சு வருஷம் சோக் தூளு தின்னு சம்பாதிச்ச பென்சன். என்னா ஆச்சு இப்ப?

— எனக்கு உந்த நர்ஸின்ர கதை தெரியாது. தெரிஞ்சிருந்தா அண்டைக்கே சொல்லியிருப்பன். சத்தியமாச் சொல்லியிருப்பன்.

— என்னத்த?

— என்ர முகத்தைப் பாக்காதேங்கோ. அங்கால மேசைக்காரரின்ர வடைத் தட்டைப் பாருங்கோ. நான் சொல்லுறன்.

— பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— அந்த அம்பாறை லிஸ்டில என்ர பேர் இருக்கேல்லை. இருக்கவேயில்லை சேர். ஒருத்தரும் என்னை மாத்தேல்லை. நான் பொய் சொன்னனான். எல்லாரும் அந்த லிஸ்டைப் பற்றிக் கதைக்க, எனக்கு ஒரு யோசனை வந்தது. உங்கட பேரை என்ர பேருக்குப் பக்கத்தில ஒருக்கா எழுதிப் பாக்க வேணும் போல இருந்தது. எழுதச் சொல்லிப்போட்டு, அதுக்குப் பிறகாவது ஏதாவது கதைப்பீங்க எண்டு நினைச்சன். நீங்க 'போடுங்க' எண்டு சொல்லிப்போட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் போயிட்டீங்க. நானும் பிறகு என்னெண்டு வாய் திறக்கிறது? உங்களுக்கு வந்த நல்லதொரு வாழ்க்கையை நான் இருந்த இடத்தில இருந்து கெடுத்துப்போட்டன். இப்ப நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு இருப்பன். ஒண்டும் சொல்லாமல் மட்டும் இருக்காதேங்கோ.

— அந்த லிஸ்டு சிங்களத்துல வந்துச்சு, டீச்சர். செபஸ்தியன் சேருக்கு சிங்களம் வாசிக்க வராது. ஒக்கார்ந்து அதுல இருந்த ஒவ்வொரு பேரையும் தமிழ்ல எழுதிக் குடுத்தது நாந்தான், நீங்க வந்து கேட்டதுக்கு மொத நாளு.