நாற்பத்து நாலாம் எண்

ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறே முக்கால். கிடங்குகளுக்கு நடுவே போகும் நீளச் சாலை... ஒரு வண்டிகூட இல்லை. அதன் கடைசியில் இருக்கும் அலுவலகத்துக்குள் ஒருவர் மட்டும் போகிறார். யாரோ எவரோ இல்லை. இதோ, தலையணையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறானே நம் ஒல்லி, அவனுடைய அத்தான். அக்கா புருஷன்.

வேலை சின்னதுதான். அங்கே நுழையும் ஒவ்வொரு கணினிக்கும் கைபேசிக்கும் ஃபயர்வால் என்கிற இணையக் காவல் பெட்டி ஓர் எண் கொடுக்கும். எட்டு மணி நேர வாடகை. நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள வேண்டும். ஒரே எண் இரண்டு பேரிடம் இருந்தால்... ஒருவருக்கு இடமில்லை.

எண்கள் தீர்ந்துவிட்டன என்று புகார். பட்டியலை நீட்டிவிட்டு ஏழரைக்கு வந்துவிடுவதாக மகளிடம் சொல்லியிருந்தார்.

சர்வர் அறைக்கு ஜன்னல் கிடையாது. விசிறிகளின் இரைச்சல். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. சோதித்துப் பார்க்கத் தன் கைபேசியில் 44 என்று கையாலேயே எண் போட்டார். வாடகைப் பட்டியலிலிருந்து அதை விலக்க மறந்துவிட்டார். அந்தத் தொழிலில் எல்லோரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு.

டிக்... கதவுப் பூட்டு. நிமிர்ந்தார். யாரும் இல்லை.

கைபேசியில் இணைப்பு போயிருந்தது. ஃபயர்வால் 44-ஐ வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டது. அதன் பெயர், 'அப்பா'. அவர் கைபேசிக்கு மகள் வைத்த பெயர். கைபேசியோ அவர் கையில்தான் இருந்தது...

சர்வர் திரையில் அந்த 'அப்பா' இடம் மாறி நகர்ந்தது. மாடி வராந்தா. படிக்கட்டு. வாசல். அப்புறம் காணவில்லை.

கதவுக்கு ஓடிப் பூட்டில் தன் நுழைவு அட்டையைக் காட்டினார். சிவப்பு விளக்கு. 'நீங்கள் ஏற்கெனவே வெளியேறிவிட்டீர்கள்.'

கத்தியிருக்கலாமே என்கிறீர்கள். கத்தினார். விசிறிகள் கேட்டன.

ஏழரைக்கு அக்கா வீட்டில் அழைப்புமணி அடித்தது. அத்தான் வந்துவிட்டார். சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் வேலையை விட்டுவிட்டார்.

"முன்னைக்கு இப்ப எவ்வளவோ தேவலாம்டா," என்றாளாம் அக்கா. "எதுக்குமே கோவப்படுறதில்ல."

காலியான வேலைக்குப் போனவன் ஒல்லி. முதல் நாளே பார்த்தான். பட்டியலில் 44-க்கு எதிரே, குறிப்பு எழுதும் சின்னக் கட்டத்தில் ஒரு வரி.

"நான் இன்னும் உள்ளதான் இருக்கேன்."

அறையைத் திறந்தான். இரைச்சல். சூடேறிய பிளாஸ்டிக் வாசனை. ஒருவரும் இல்லை. எவனோ விளையாடுகிறான் என்று வரியை அழித்தான். சரியாக நாலு மணி நேரம் கழித்து வேறொரு வரி.

"கதவைத் திறந்தியே மச்சான், உன் பக்கத்துலதான் நின்னேன்."

அதற்குப் பிறகு நாலு மணி நேரத்துக்கு ஒரு வரி. நான் இதுவரை சொன்னதெல்லாம் அப்படி வந்ததுதான்... கைபேசி, கதவு, சிவப்பு விளக்கு, எல்லாம். உங்களுக்கு நான் என்ன செய்யணும் என்று ஒல்லி அந்தக் கட்டத்திலேயே எழுதிக் கேட்டான்.

நேற்று பதில் வந்திருக்கிறது.

"பாப்பா அவனை என்னன்னு கூப்பிடுறா?"