இங்கிலீஷ் தெரிந்த மேயர்

பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போகிற வாரம். பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் எங்கள் ஊர் மேயரும் அவர் மைத்துனரும். பிரெஞ்சு ஆட்சியில் சின்ன ஊர்த் தலைவருக்கும் மேயர் என்றுதான் பேர். எனக்குக் காது மட்டும் வஞ்சகமில்லாத வளர்ச்சி.

“மாப்ளே, எனக்கப்பறம் நீதான் மேயர். பத்து வருஷமா பிரெஞ்சு படிக்க வச்சது எதுக்கு?”

“அதாங்க அத்தான் பயமே. வர்ற சர்க்கார் இங்கிலீஷ்ல கேக்குமாமே!”

மேயருக்கு வியர்த்தது. “நம்மூர்ல இங்கிலீஷ் யாருக்குடா தெரியும்?”

“வாத்தியாருக்கு. இந்தியக் கொடி ஏத்துனாருன்னு எல்லை தாண்டி நாகூருக்குத் துரத்துனீங்களே, அவருக்கு.”

“அப்ப அவருதான் மேயர். இல்லாட்டி புது அதிகாரி முன்னால ஊரே ஊமையா நிக்கணும். நீ போய்க் கூட்டியா.”

“நாகூருக்கா? துரத்துனது நீங்க. நீங்களே போங்க.”

காரைக்கால் வந்தது. நான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போயிருந்தது. மேயர் எழுந்திருக்கவில்லை.

“கண்டக்டர் தம்பி, நாகூருக்கு ஒரு டிக்கெட் குடுப்பா. மெதுவாவே போகச் சொல்லு.”