தள்ளி நில்லுடா

— ரெண்டு படி ஏறுறதுக்குள்ள இப்படி மூச்சு வாங்குதேக்கா! வீட்டுல உக்காந்து தின்னா இப்படித்தான்.

— சிரிடா, நல்லா சிரி. ஒரு நிமிஷம் நின்னுட்டு வரேன்.

— அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியை மியூசியமாக்கி டிக்கெட் போட்டுட்டாங்க. அதைப் பார்க்க நான் லீவு போட்டுட்டு வரணுமா?

— வரணும். சுத்திக் காட்டுற இந்தப் பொண்ணு சொல்றதைக் கேட்டுட்டு அப்புறம் பேசு. நீ ஆரம்பிம்மா.

— வணக்கம் சார், வணக்கம் மேடம். வந்து, இதுதான் மூட்டை பிரிக்கிற கூடம். கூரை ஷீட்டு செய்யறதுக்குக் கல்நார், அதான் ஆஸ்பெஸ்டாஸ், சாக்குல வரும். வந்து, அதைக் கையாலயே கிழிச்சு இந்தத் தொட்டியில கொட்டுவாங்க. பக்கத்துல நிக்கிறவர் முகமே தெரியாதாம், அவ்வளவு தூசி.

— எங்கப்பா இங்கதான்மா நின்னார். சாயங்காலம் தெருமுனையில வரும்போது தலையிலேர்ந்து கால் வரைக்கும் வெள்ளை. நான் ஓடிப்போய்த் தாவிக்குவேன், தோள்ல தூக்கி வச்சுக்குவார். அவர் சட்டை முதுகுல விரலால என் பேரை எழுதுவேன்.

— உனக்குத் தோள். எனக்கு? "தள்ளி நில்லுடா." புருவத்துல இந்தத் தழும்பு எப்படி வந்துச்சு? ஆசையா ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கிட்டேன், உதறி விட்டார். வாசப்படியில போய் விழுந்தேன். சாகுற வரைக்கும் அந்த மனுஷன் என்னை ஒரு தடவை தூக்கினதில்ல. நீ அவர் போட்டோவைப் பையில வச்சிருக்கிறது எனக்குத் தெரியும். என் வீட்டுச் சுவத்துல அதுக்கு இடமில்ல, சொல்லிட்டேன்.

— கொஞ்சம் வாயை மூடுடா. ஏம்மா, டாக்டர் வந்தாரே, அதைச் சொல்லு.

— வந்து, பெரிய வெள்ளம் வந்த வருஷம் மேடம். வெளியூர் டாக்டர் ஒருத்தர் வந்து எல்லாருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார். "இந்தத் தூசி ஆளைக் கொன்னுடும், பிள்ளைங்க மேல படவே கூடாது"ன்னு சொல்லிட்டார். கம்பெனி அவரை உடனே அனுப்பிடுச்சு.

— வெள்ளம் வந்த வருஷமா? அது நான் பொறந்த வருஷமாச்சே!

— ஆமாடா. அதேதான்.

— தெரிஞ்சுமா வேலைக்கு வந்தாங்க?

— வேற வேலை ஏது சார்? இங்கயே குளிச்சுட்டுப் போகலாம்னா குழாயில தண்ணி விட மாட்டாங்க. குளிச்சாலும் காதுக்குள்ள, தலைமுடிக்குள்ள ஒட்டியிருக்கும்னு பயம். வந்து, நிறைய பேர் சொந்தப் பிள்ளையையே கிட்ட சேர்க்கலையாம்.

— அக்கா... அவர் கொல்லைப்புறத்துல தனியா படுத்துக்குவாரே. மழையிலகூட.

— அதுக்குத்தான்டா. அதுக்கப்புறம் என்னையும் தூக்கல. நான் வளர்ந்துட்டேன்னு நெனச்சுக்கிட்டேன்.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— அம்மாகிட்டயே சொல்லல. சொன்னா வேலைக்கு அனுப்பியிருப்பாளா? எனக்கே போன மாசம் இங்க வந்து விசாரிச்சப்பதான் தெரிஞ்சுது.

— பாவி மனுஷன். அவரை நான் பேசாத பேச்சா? குடுக்கா, அந்தப் போட்டோவைக் குடு. கூடத்துல மாட்டுறேன். வரவங்க கண்ணுல படுற மாதிரி.

— இந்தா. கண்ணாடி பத்திரம்.

— இரு, இது ஒண்ணுதானே இருக்கு? உன் வீட்டுக்கு?

— எனக்கு வேண்டாம். நீயே வச்சுக்கோ.

— என்னக்கா ஒரு மாதிரி பேசுற? ஆமா, இத்தனை வருஷமா இல்லாம போன மாசம் எதுக்கு இங்க வந்து விசாரிச்ச?

— என் நெஞ்சுப் படத்தைப் பார்த்துட்டு டாக்டர் கையை விரிச்சுட்டார்டா. "கல்நார் ஃபேக்டரியில எத்தனை வருஷம் வேலை பார்த்தீங்க"ன்னு கேட்டார். அன்னைக்கு வரைக்கும் நான் இதுக்குள்ள காலே வச்சதில்ல.