சித்தேரியில் விழாத ஜிலேபி

நான் மீன் சாப்பிடுவதில்லை, சார். அந்த வாடை எனக்கு ஒத்துக்கொள்ளாது. பிடிப்பதோடு சரி. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்துச் சித்தேரியில் தூண்டிலோடு உட்கார்ந்துவிடுவேன். கூடவே சுப்பிரமணி வருவார். செங்கம் ரோட்டில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். ஒன்பது வருடப் பழக்கம்.

அது விரால் ஏரி. எழுபத்தைந்து வாக்கில் யாரோ ஜிலேபி மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். விரால் குஞ்சுகளைத் தின்று ஏரி முழுக்க அதுவே ஆனது. முட்டையை வாயில் வைத்தே பொரிக்கிற இனம். ஒரு பெட்டை தப்பினால் போதும். சுப்பிரமணி ஒவ்வொரு ஜிலேபியையும் தூக்கிக் காட்டிச் சிரிப்பார். எண்பத்துமூன்று கோடையில் தண்ணீர் வற்றியபோது, அதிகாரிகளிடம் நடையாய் நடந்து, மீனுக்கு விஷமான இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைக்கவைத்து அத்தனையையும் ஒழித்தேன். மழைக்குப் பிறகு விரால் குஞ்சு விட்டோம்.

"நீங்க செஞ்சது எனக்குப் புடிக்கல மாஸ்டர்," என்றார் சுப்பிரமணி. "விரால் மாசத்துக்கு ஒண்ணு மாட்டும். ஜிலேபின்னா பொழுதுக்கும் தக்கை ஆடிக்கினே இருக்கும். வேற எதுக்கு இங்க வரோம்?"

நான் தூண்டிலில் புழுவைக் கோத்தேன்.

போன ஞாயிறு காலை மதகுப் படியில் அவர் பக்கெட்டோடு நின்றார். உள்ளே உயிரோடு ஜிலேபி, திரும்ப ஏரியில் விட. நான் பக்கெட்டைப் பிடித்து இழுத்ததில் அவர் வழுக்கித் தண்ணீரில் விழுந்தார். அங்கே இரண்டு ஆள் ஆழம். அவருக்கு நீச்சல் தெரியாது, எனக்குத் தெரியும். ஒரு கையால் படி விளிம்பைப் பற்றிக்கொண்டார்.

"மாஸ்டர், கை குடுங்க."

பக்கெட்டிலிருந்து மூன்று மீன்கள் படியில் விழுந்து துள்ளின. தண்ணீருக்கு ஒரு சாண் தூரம்தான். முதலில் அவற்றை மிதித்தேன். பக்கெட்டில் மிச்சமிருந்த எட்டையும் ஒவ்வொன்றாகக் கல்லில் அடித்தேன். ஒரு பெட்டையின் வாய் நிறையக் குஞ்சு இருந்தது. அதையும் விடவில்லை.

திரும்பியபோது அவர் இன்னும் பிடியை விடாமல்தான் இருந்தார்.

"இனிமே உடமாட்டேன் மாஸ்டர். சத்தியமா."

விடுவார். எனக்கு அவரைத் தெரியும். குனிந்து அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். முரட்டுத்தனமாக இல்லை.

நான் பகையில் செய்ததாக அவர் மனைவி வேதா சொல்கிறாராம். ஒன்பது வருடத்தில் சுப்பிரமணியிடம் நான் குரல் உயர்த்திப் பேசியதில்லை, சார். எங்களுக்குள் ஒரு பகையும் கிடையாது. ஏரிக்கும் ஒரு சேதமும் வரவில்லை. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.