கசப்பு போதுமான்னு சொல்லுங்க

முகத்த மட்டும் சுளிச்சிடாதீங்க சார். அந்த ஜன்னலுக்குப் பின்னால எங்கப்பா நிக்கிறாரு. ஐயோ, திரும்பாதீங்க! பீப்பா கழுவுற மாதிரிதான் நிப்பாரு, கண்ணு பூரா உங்க மூஞ்சியிலதான்.

மெதுவாக் குடிங்க. குடிச்சு முடிக்கிற வரைக்கும் நடுவருங்க வாயத் திறக்கக் கூடாதுன்னு எனக்கும் தெரியும். தலைய ஆட்டுங்க, போதும். திருவிழாப் பந்தல்ல இந்த வருஷம் எங்க பீர ஊத்தலாமா வேணாமாங்கிறது உங்க நாக்குல இருக்கு. எங்கப்பா உசுரும் அங்கதான் தொங்குது.

கசக்குதா? பீர்ல போடுற ஹாப்ஸ் பூவு சார், கசக்காம தேனாவா வடியும்? இந்தாங்க, சீஸ் ஒரு துண்டு, கடுகு விழுது தொட்டுக்குங்க. கண்ணு கலங்குது பாருங்க, கடுகு காரம். இல்லையா? சரி, பீர்தான்.

முன்னாடி வந்தவங்கல்லாம் என்ன சொன்னாங்க தெரியுமா? நம்ம வாட்டோ ஊரு நோட்டரி, மூக்காலயே பேசுவாரே: ஆஹாங், ஆரஞ்சுத் தோலுங்... கொஞ்சூண்டு மிளகுங்... கறிக்கடை ஃபிர்மின், பீப்பாக்குள்ள இருந்து வர்ற தொண்டை: ஏய் கெரோல்ஃப் பயலே, அறுத்த புல்லு வாசம்டா இது! தபால்காரம்மா கோடலீவ, கிளியேதான்: எனக்கு இன்னொண்ணு, இன்னொண்ணு!

சிரிச்சிட்டீங்க. அச்சு அசலா இருக்குல்ல? தலைமையாசிரியர் குரல்ல மைக்குல லீவு விட்டவன் சார் நானு. பாதிப் பள்ளிக்கூடம் வீட்டுக்கே போயிடுச்சு.

ஆனா... நீங்க இப்படிப் பாத்தா எனக்குப் பொய் வரமாட்டேங்குது. அவங்க யாரும் அப்படிச் சொல்லல சார். நோட்டரி ஒரு வாய் குடிச்சுட்டு கார் சாவியத் தேடினாரு. ஃபிர்மின் பூந்தொட்டியில ஊத்திட்டாரு, செடி இன்னும் பொழைக்கல. சாயங்காலமானா அப்பா கேப்பாரு, அவன் என்னடா சொன்னான், அவன மாதிரியே சொல்லுன்னு. நான் சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாரு. பிடிச்சிருக்கா, அப்ப அடுத்த தடவை இன்னும் ஒரு கை பூ போடுவோம்பாரு. யாராச்சும் மூஞ்சி சுளிச்சதப் பாத்துட்டாருன்னா, வாசம் பத்தல போல, ரெண்டு கை போடுவோம்பாரு. எப்படிப் போனாலும் பூ ஏறிக்கிட்டேதான் போகுது. நான் என்ன சார் பண்ண?

புருவத்தத் தூக்குறீங்க. அவரே குடிச்சுப் பாக்க மாட்டாரான்னுதானே? பாக்குறாரே, தினம் பாக்குறாரு. போன குளிருக்கு ஊரெல்லாம் ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுல போச்சு. மூக்கும், நாக்கும். நேத்து பால் தீஞ்சு பக்கத்து வீட்டம்மா ஓடி வந்துட்டாங்க. அடுப்புக்கு முதுகு காட்டி உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தாரு மனுசன். எங்கிட்டயே இன்னும் சொல்லல சார். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது.

வர்றாரு. துண்டுல கையத் தொடச்சிக்கிட்டே வர்றாரு. ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுங்க சார், எதுவா இருந்தாலும் சரி. சாயங்காலம் கேப்பாரு. இவ்வளவு நேரமா வாயே திறக்கலியே நீங்க, உங்க குரல் எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியலியே.