முன்னாடி ரெண்டு ஜாயிண்டு

— இன்னும் எவ்வளவு நேரம்தான் காருக்கு அடியிலயே கிடப்பீங்க? உங்க அக்கா வீட்டுல நமக்காகச் சாப்பிடாமக் காத்துக்கிட்டு இருப்பாங்க.

— அவசரப்படாதம்மா. முன்சக்கரத்து ஜாயிண்டுக்கெல்லாம் கிரீஸ் அடிக்காம எப்படிக் கிளம்புறது? நம்ம கல்யாணத்துக்கு மூத்த வண்டி இது.

— இடது பக்கம் அப்பவே அடிச்சீங்களே?

— அடிச்சேன். ஆனா புதுசு உள்ள போனா பழசு கறுப்பாப் பிதுங்கி வரணும். அதைக் கண்ணால பார்க்காம எழுந்தா எனக்குத் தூக்கம் வராது.

— பிதுங்கினதெல்லாம் உங்க காதுல சொட்டிக்கிட்டு இருக்கு.

— சொட்டட்டும். காது அடைச்சா நல்லதுதான்.

— அதான பார்த்தேன்! உங்க அத்தானோட புல்லாங்குழலுக்குப் பயந்துதான இவ்வளவு வேலையும்?

— பயமா? போன தடவை சாயங்காலம் பூரா ஊதினாரே, மறந்துட்டியா? ஒண்ணுக்குப் போகலாம்னு எழுந்தேன். ‘இரு மாப்ள, இப்பதான் சூடு பிடிக்குது’ன்னு சட்டையைப் பிடிச்சு உக்கார வச்சுட்டார் மனுஷன்.

— நீங்கதான் ரசிச்சு ரசிச்சுத் தலையாட்டினீங்க.

— அது ரசிச்சது இல்லம்மா, தூங்கி விழுந்தது. சரி, ஸ்டீயரிங்கை லேசா வலது பக்கம் திருப்பு.

— ஐயே, கீச்சுங்குது!

— கேட்டியா? அப்படியே அத்தான் வாசிக்கிற மாதிரி இல்ல? இதுக்காவது கிரீஸ் அடிச்சா நிக்கும். அவருக்கு எங்க அடிக்கிறது?

— வாயை மூடுங்க, போன் அடிக்குது. உங்க அக்காதான்.

— இன்னைக்கு வர முடியாதுன்னு சொல்லிடும்மா. தங்கமே, உனக்குப் புண்ணியமாப் போகும்!

— அண்ணி… இல்ல அண்ணி, இன்னும் கிளம்பல… அவரா? காலையிலருந்து படுத்தே கிடக்கார்… முன்னாடி ரெண்டு ஜாயிண்டும் தேஞ்சுபோச்சாம்… ம், கிரீஸே இல்லையாம்… லேசா அசைச்சாலே கீச்சுங்குது… வயசாயிடுச்சுல்ல அண்ணி… ஐயோ, அழாதீங்க! இதுக்கு யாராவது அழுவாங்களா?… எதுக்கு அண்ணி உங்களுக்குச் சிரமம்?… அண்ணி? அலோ?

— என்னம்மா, நம்பிட்டாளா?

— நல்லாவே நம்பிட்டாங்க. ஒரு காருக்குப் போய் இப்படியா தேம்பித் தேம்பி அழுவாங்க?

— கடைசியா என்ன சொன்னா?

— ‘சின்ன வயசுலயே அவனுக்கு முட்டி வீக்கு’ன்னு… ஐயையோ! ஏங்க, நான் சொன்னது உங்க காலைன்னு நினைச்சுட்டாங்க!

— அட, கால்னே நினைச்சுக்கட்டும்மா! இன்னும் நல்லது. இனிமே ஒரு மாசத்துக்கு நம்மளைக் கூப்பிட மாட்டாங்க.

— கூப்பிட மாட்டாங்க. துணிமணியெல்லாம் எடுத்துக்கிட்டு அவங்களே வர்றாங்க. நீங்க எழுந்து நடக்கிற வரைக்கும் அத்தான் உங்க கட்டில் பக்கத்துலயே உக்காந்து வாசிக்கப் போறாராம்.